வீட்டு மக்கோலி சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொரியாவில் எனக்குத் தெரிந்த நம் ஆட்கள் சிலர் கொரியாவின் கலங்கலான அரிசி மதுவான மக்கோலியை வீட்டிலேயே ஊறல் போடுகிறார்கள். ஏதாவது கோளாறு என்றால் உடனே ஜாடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். "ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தீர்களா?" என்று கேட்டால், "ஐயோ, இல்லை" என்று பதில் வரும். படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாக்கும் மூக்கும் ஒரு வெப்பமானியும் இருந்தால் முக்கால்வாசிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். திரும்பத் திரும்ப வருவதும் அதே ஐந்தாறு கோளாறுதான்.

சொந்தக் குடிப்புக்கு வீட்டில் மக்கோலி போடுவது கொரியாவில் 1995 முதல் சட்டப்படி சரி. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் ஊறல் போட்டாலே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை மனதில் வைத்து: 1 கிலோ அரிசி, 150 முதல் 200 கிராம் நூருக், 1 முதல் 1.2 லிட்டர் தண்ணீர். நூருக் என்பது நொறுக்கிய கோதுமையை ஈரமாக்கி, அச்சில் மிதித்து, பூஞ்சை பிடிக்கவிட்டு உலர்த்திய வட்டு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி, ஈஸ்ட், புளிக்கவைக்கும் பாக்டீரியா மூன்றும் அதிலேயே இருக்கின்றன. ஆவியில் விறைப்பாக வேகவைத்த அரிசிக்குக் கொதுபாப் என்று பெயர். அகலமான இட்லிப் பாத்திரத்தில் துணி விரித்து வேகவைத்தாலும் நன்றாகவே வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்றைப் பாருங்கள். வெப்பமானியை ஊறலின் நடுவில் விட்டுச் சூடு பாருங்கள்; அறையின் சூடு கணக்கில் வராது. ஒரு கரண்டி ருசி பாருங்கள். ஒரு பருக்கையை விரல் நடுவே நசுக்கிப் பாருங்கள்.

அறிகுறி 1: தண்ணீரே இல்லை, கட்டியாக இருக்கிறது

முதல் நாள் இப்படித்தான் இருக்கும். ஊற்றிய தண்ணீர் முழுவதையும் கொதுபாப் குடித்துவிட்டு, பிசைந்து வைத்த சோறு மாதிரி உட்கார்ந்திருக்கும். பயந்துபோய் இன்னொரு லிட்டர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையைச் சுத்தமாகக் கழுவி, அடிவரை புரட்டிவிட்டு மூடுங்கள். மறுநாள் காலை இளகியிருக்கும். 2 நாள் கழித்தும் கட்டியாகவே இருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: 2 நாளாகியும் சத்தமே இல்லை

நல்ல ஊறலில் காதை வைத்தால் மழைத் தூறல் போல ஒரு சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால்:

*ஊறலின் நடுச்சூடு 18 டிகிரிக்குக் கீழே*

இதுதான் எளிய காரணம், அடிக்கடி வருவதும் இதுதான். ஈஸ்ட் சாகவில்லை, தூங்குகிறது. ஜாடியைப் போர்வையால் சுற்றி 23 முதல் 25 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் பொறுங்கள். ஆனால் கொரிய வீட்டின் சூடேறும் தரை மேல் நேராக வைக்காதீர்கள். அடி வெந்து மேல் குளிர்ந்து கிடக்கும். கீழே ஒரு பலகையோ முக்காலியோ போட்டு வையுங்கள்.

*சூடு சரி, ருசி நல்ல இனிப்பு, ஆனால் குமிழி இல்லை*

நொதி வேலை செய்திருக்கிறது, ஈஸ்ட் இல்லை. பெரும்பாலும் கொதுபாப்பை முழுதாக ஆறவிடாமல் நூருக்கோடு கலந்திருப்பீர்கள். மேல் பருக்கை ஆறியிருக்கும். குவியலுக்கு உள்ளே கையை விட்டால் சுடும். தட்டில் மெலிதாகப் பரப்பி, 25 டிகிரிக்கு வந்த பிறகுதான் கலக்க வேண்டும். இப்போதைக்கு ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ அரிசிக்கு 2, 3 கிராம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து ஊற்றிக் கலக்கினால் அன்று இரவே சத்தம் கேட்கும்.

நூருக்குக்குப் பதிலாக இப்குக் வாங்கியிருந்தால் கதை வேறு. அரிசியிலோ கோதுமை மாவிலோ ஒரே வகைப் பூஞ்சையை வளர்த்த சரக்கு அது. அதில் நொதிதான் உண்டு, ஈஸ்டைத் தனியாகத்தான் போட வேண்டும். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்.

*இனிப்பும் இல்லை, பருக்கை விறைப்பு*

பருக்கையை நசுக்கும்போது நடுவில் வெள்ளைப் புள்ளியாகச் சுண்ணாம்பு போலத் தெரிந்தால் அரிசி வேகவில்லை. நொதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பச்சை அரிசிக்குள் போகாது. குறைந்தது 3 மணி நேரம் ஊறி, அரை மணி நேரமாவது வடிந்து, நல்ல ஆவியில் 40 நிமிடத்துக்கு மேல் வெந்து, அடுப்பை அணைத்தபின் 15 நிமிடம் மூடியபடி இருந்திருக்க வேண்டும். பசையில்லாத சாதா அரிசி என்றால் நடுவில் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கிளறுவது நல்லது. பசை அரிசிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் புதிதாகப் போடுகிறவர்களுக்குப் பசை அரிசியையே சொல்வேன், விலை கூடுதல் என்றாலும்.

அரிசி நன்றாக வெந்திருந்தும் இனிக்கவில்லை என்றால் நூருக் செத்தது அல்லது பழையது. வெந்த சோற்றில் ஒரு கரண்டி எடுத்து, கொஞ்சம் நூருக்கும் தண்ணீரும் சேர்த்து 50 டிகிரியில் 3, 4 மணி நேரம் வைத்துப் பாருங்கள். இனிக்காவிட்டால் பொட்டலத்தைத் தூக்கிப் போடுங்கள்.

*யாரைக் கேட்பது:* புதிதாக வாங்கிய நூருக் இந்தச் சோதனையில் தோற்றால் விற்றவரைக் கூப்பிடுங்கள். பொட்டலத்தில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணைச் சொன்னால் போதும்.

அறிகுறி 3: மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது

தட்டையாக, சுருக்கம் விழுந்த ஆடை போல, முடி இல்லாமல் இருந்தால் அது காற்றில் வளரும் படல ஈஸ்ட். ஆபத்தில்லை, ருசியைத்தான் கொஞ்சம் கெடுக்கும். சுத்தமான கரண்டியால் வழித்தெடுங்கள். மிதக்கும் பருக்கை காய்ந்துபோனதும் ஜாடி பாதிக்கு மேல் காலியாக இருந்ததும்தான் காரணம். முதல் 3 நாள் தினம் ஒருமுறை கிளறியிருந்தால் வந்திருக்காது.

பஞ்சு மாதிரி முடியோடு பச்சையாகவோ கறுப்பாகவோ, இல்லை இளஞ்சிவப்பாகவோ இருந்தால் வழித்தெடுத்துவிட்டுக் குடிப்பது வேண்டாம். கொட்டிவிடுங்கள். 1 கிலோ அரிசி போனால் போகட்டும்.

அறிகுறி 4: புளிக்கிறது

வருகிற கேள்விகளில் பாதி இதுதான். கொரியர்கள் இதற்குச் சன்பே என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் புளிப்பெல்லாம் கோளாறு இல்லை. நூருக் ஊறல் 2, 3ஆம் நாளில் புளிக்கத்தான் வேண்டும். கெட்ட கிருமியைத் தள்ளி வைப்பதே அந்தப் புளிப்புதான். சாராயமும் இனிப்பும் ஏற ஏற அது பின்னால் போய்விடும். 3ஆம் நாள் ருசி பார்த்துவிட்டுப் பதறுகிறவர்களுக்கு என் பதில், 7ஆம் நாள் திரும்பக் கூப்பிடுங்கள் என்பதுதான்.

இன்னொன்று, கடையில் வாங்கும் புட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உல்சான் நகரின் பொக்சுன்தோகா மக்கோலி 6.5 சதவீதச் சாராயம், நுரையும் பழப் புளிப்புமாக இருக்கும். அந்தப் புளிப்பு வேண்டுமென்றே வைத்தது. புசானின் கும்ஜொங்சான்சொங் மக்கோலி 8 சதவீதம், நூருக் வாடையும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். மிதித்துச் செய்த நூருக்கில் போடுவது அது. 1979இல் அரசின் அங்கீகாரம் பெற்று இன்றும் ஓடுகிறது. இரண்டையும் ருசித்த பிறகும் உங்களுடையது அதிகப் புளிப்பாகத் தெரிந்தால், தொடர்ந்து படியுங்கள்.

*இட்லி மாவு போலப் புளிப்பு, வேறு கெட்ட வாடை இல்லை*

பாக்டீரியா ஈஸ்டை முந்திவிட்டது. எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

சூடு: ஊறல் தானாகவே சூடேறும். அறை 25 என்றால் நடுவில் 30ஐத் தாண்டும். ஜூலை மழைக்காலத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் 35ஐத் தொட்டுவிடும். அங்கே ஈஸ்ட் தளரும், புளிப்பு ஓடும். ஜாடியை அப்படியே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கிளறி, 25க்குக் கொண்டுவாருங்கள்.

அரிசி கழுவல்: தண்ணீர் தெளியும்வரை கழுவியிருக்க வேண்டும். தேய்த்து உடைக்காமல் தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றிக் கொட்ட வேண்டும்.

தண்ணீர் அளவு: ஆரம்பத்திலேயே நீர்க்க வைத்த ஊறல் சீக்கிரம் புளிக்கும். நீர் சேர்ப்பது வடித்த பிறகுதான்.

அடித்தளம் தாமதமானது: இரண்டு கட்டமாகப் போடுகிறவர்கள் முதலில் அரிசி மாவுக் கஞ்சியில் மிட்சுல் என்னும் அடித்தளம் போட்டு, அப்புறம் கொதுபாப் சேர்ப்பார்கள். 25 டிகிரியில் அடித்தளம் 2 நாளில் பொங்கி அடங்கத் தொடங்கும். அப்போதே சேர்க்க வேண்டும். வார இறுதிவரை தள்ளிப்போட்டால் புளித்துவிடும்.

ஜாடி: செலவு வைப்பது இதுதான். கிம்ச்சியோ சோயா விழுதோ இருந்த பழைய ஓங்கி மண்ஜாடியை வாங்கி ஊறல் போட்டால் எத்தனை கழுவினாலும் அது விடாது. மண்ணின் நுண்துளைக்குள் எல்லாம் இருக்கிறது.

இப்போது இருக்கிற ஊறலை என்ன செய்வது? லேசான புளிப்பு என்றால் உடனே வடித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, சம அளவு தண்ணீரும் கொஞ்சம் இனிப்பும் சேர்த்துச் சில்லென்று குடியுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. இன்னும் குமிழி வந்துகொண்டிருந்தால், முதலில் போட்ட அரிசியில் பாதியளவு புதுக் கொதுபாப்பை நன்றாக ஆறவைத்துச் சேர்க்கலாம். இனிப்பும் சாராயமும் ஏறிப் புளிப்பை மூடிவிடும். குமிழி நின்றுபோன ஊறலில் இதைச் செய்யாதீர்கள், அரிசிதான் வீண். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் புளிப்பு குறையும். நான் போடுவதில்லை, சோப்புத் தண்ணீர் குடித்த மாதிரி நாக்கில் நிற்கிறது.

*மூக்கைக் குத்தும் வினிகர் வாடை*

இதற்குத் திருப்பம் கிடையாது. காற்று அதிகம் பட்டு, சாராயம் காடியாக மாறிக்கொண்டிருக்கிறது. வாயை மெல்லிய துணியால் கட்டி, வேறு அறையில் வைத்து முழுக் காடியாகவே ஆகவிடுங்கள். கொரியாவில் மக்கோலிக் காடி மதிப்பான சரக்கு. நல்ல ஊறல் இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம், கரண்டியையும் தனியாக வையுங்கள்.

*நகப்பூச்சு வாடை*

லேசாக இருந்தால் நன்றாகக் கிளறி, சூட்டைக் குறைத்து, வடித்தபின் குளிர்ப்பெட்டியில் சில வாரம் விடுங்கள், பெரும்பாலும் அடங்கும். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க அடித்தால் கொட்டிவிடுங்கள்.

*யாரைக் கேட்பது:* ஒரே ஜாடியில் இரண்டாம் முறையும் புளித்தால், ஜாடியைக் கவிழ்த்து உள்ளே ஆவி பிடியுங்கள், வெளிப்புறம் தொட முடியாத சூடு ஏறும்வரை. பழைய முறையில் வைக்கோலைக் கொளுத்தி அந்தப் புகைமேல் கவிழ்ப்பார்கள். அதற்கும் பிறகு புளித்தால் ஜாடிக்கு ஓய்வு கொடுங்கள். ஜாடி மாற்றியும் தொடர்ந்தால், தலைநகர் சோலில் மக்கோலி போடக் கற்றுத்தரும் பள்ளிகள் உண்டு. சின்னப் புட்டியில் மாதிரியும், தினமும் குறித்த சூட்டுக் கணக்கும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கணக்கு இல்லாமல் போனால் அவர்களும் ஊகம்தான் சொல்ல முடியும்.

அறிகுறி 5: தேன் மாதிரி இனிக்கிறது, போதை இல்லை

இதற்கும் ஒரு பெயர் உண்டு: கம்பே. சர்க்கரை உண்டானது, ஈஸ்ட் அதைத் தின்று முடிக்கவில்லை. 10 நாளுக்குப் பிறகும் இப்படி என்றால்தான் கோளாறு.

முதலில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஜாடி வாய்க்குள் இறக்குங்கள். அணைந்தால் கரியமில வாயு இன்னும் வருகிறது, பொறுங்கள். எரிந்துகொண்டே இருந்தால் ஊறல் நின்றுவிட்டது. குளிர் காரணமா என்று பார்த்து 25க்கு ஏற்றுங்கள். அசையவில்லை என்றால் அறிகுறி 2இல் சொன்ன ஈஸ்ட். அதற்கும் அசையவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. சர்க்கரைப் பாகில் ஈஸ்ட் திணறுகிறது. ஆறிய கொதிநீர் 200 மில்லி சேர்த்து, மறுபடி ஈஸ்ட் போடுங்கள்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. ஹேனாம் ஊரின் ஹேச்சாங் 12 சதவீத மக்கோலி இனிப்பூட்டி இல்லாமலே கெட்டியாக, நல்ல இனிப்பாக இருக்கும். இனிப்பும் சாராயமும் சேர்ந்தே இருக்கலாம். பீருக்குப் பயன்படும் மிதவைமானியை நேரே ஊறலில் விட்டு அளந்தால் பொய் சொல்லும்; சர்க்கரையும் மண்டியும் அதைத் தூக்கிப் பிடிக்கும். சரியான அளவு வேண்டுமென்றால் மாதிரியை வாலை வடித்துத்தான் அளக்க வேண்டும். அது ஆய்வுக்கூட வேலை. குடிக்க மட்டும் என்றால் அந்த எண் உங்களுக்கு எதற்கு?

அறிகுறி 6: கசப்பு, பழைய கோதுமைச் சாக்கு வாடை

நூருக் அதிகம். அடுத்த முறை அரிசியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். கலப்பதற்கு முன் நூருக்கை நொறுக்கித் தட்டில் பரப்பி 2, 3 நாள் பகலில் வெயிலும் இரவில் பனியும் படவிடுங்கள். பொப்ஜே என்பார்கள். வாடை பாதியாகும். மாடி வசதி இல்லாதவர்கள் சன்னலோரத்தில் வைத்துப் பகலில் இரண்டு முறை கிளறிவிடலாம்.

நூருக் அளவு சரி என்றால், வடிக்கத் தாமதமாயிற்றா, துணியை முறுக்கிப் பிழிந்தீர்களா என்று பாருங்கள். கடைசிச் சொட்டுவரை பிழிந்தால் கசப்பும் சேர்ந்தே இறங்கும். இருக்கிறதைத் தண்ணீர் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் ஒரு மாதம் மறந்துவிடுங்கள், கசப்பு மழுங்கும்.

அறிகுறி 7: துணியில் வடியவே மாட்டேன் என்கிறது

ஊறல் முடியவில்லை. பருக்கை இன்னும் மிதக்கும். கூடுதலாக 3 நாள் விட்டு, முந்தின இரவு குளிரவைத்து வடியுங்கள். துணிப்பையை ஒரே அடியாக நிரப்பாமல் இரண்டு கரண்டி, இரண்டு கரண்டியாக ஊற்றுங்கள்.

அறிகுறி 8: புட்டி வீங்குகிறது, திறந்தால் கூரைவரை அடிக்கிறது

இந்தப் பட்டியலில் காயம் ஏற்படுத்தக்கூடிய கோளாறு இது ஒன்றுதான், அதனால் கவனமாகப் படியுங்கள். வடித்த மக்கோலியில் உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது. 4 டிகிரியிலும் அது மெதுவாக வேலை செய்யும், நிற்காது. ருசிக்கு வெள்ளைச் சர்க்கரை சேர்த்திருந்தால் அது ஈஸ்டுக்குப் போட்ட விருந்து. ஈஸ்ட் தொடாத இனிப்பூட்டியைச் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும். கடை மக்கோலி பலவற்றில் ஆஸ்பர்டேம் இருப்பதற்கு அதுவும் ஒரு வசதி.

கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடியிருந்தால்: முதலில் கை வைக்காதீர்கள். தடித்த துண்டால் சுற்றி, குளிர்ப்பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் துண்டோடு தொட்டிக்குள் வைத்து, முகத்தை விலக்கி, மூடியை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்துங்கள். புட்டி அறைச் சூட்டிலேயே நாள்கணக்கில் கிடந்திருந்தால் அதைத் தூக்கவே வேண்டாம். போர்வையைப் போட்டு மூடி, குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். வெட்டுக்காயம் ஆழமென்றால் கொரியாவின் அவசர உதவி எண் 119ஐக் கூப்பிடுங்கள்.

நெகிழிப் புட்டி என்றால்: பக்கங்கள் கல் போல இறுகினால் வாயு நிறைந்துவிட்டது என்று கையே சொல்லிவிடும். தினம் ஒருமுறை தளர்த்தி மூடுங்கள். நான்கில் ஒரு பங்கு காலியாக விட்டு நிரப்புங்கள். வீட்டு மக்கோலியை நெகிழிப் புட்டியில் வைப்பதுதான் என் முடிவு, அழகுக்காக மாற்ற மாட்டேன்.

கடைப் புட்டி என்றால்: சூடாக்காத பச்சை மக்கோலியின் மூடி பலவற்றில் வாயு கசிய வழி விட்டிருப்பார்கள். படுக்கவைத்தால் பையெல்லாம் மக்கோலி. நிமிர்த்தியே வையுங்கள். பொக்சுன்தோகா மாதிரி நுரை வகையை ஒருபோதும் குலுக்காதீர்கள். குளிரவைத்து, சாய்த்துப் பிடித்து, மூடியைச் சற்றுத் திருகினால் குமிழிகள் அடிமண்டியைக் கிளப்பிக்கொண்டு மேலே ஏறும். கழுத்தைத் தொடுவதற்குள் மூடிவிடுங்கள். இறங்கியதும் மறுபடி திருகுங்கள். இப்படி ஐந்தாறு முறை செய்தால் மண்டி தானாகவே கலந்துவிடும், தரையும் நனையாது.

*யாரைக் கேட்பது:* நண்பர்கள் ருசித்துவிட்டு "விற்கலாமே" என்று சொன்னால், மாவட்ட வரி அலுவலகத்தைக் கேளுங்கள். 2016 முதல் உணவகம் வைத்திருப்பவர்கள் சிறு அளவில் மக்கோலி தயாரித்து விற்கத் தனி உரிமம் உண்டு. அதற்கு முன் ஒரு கிண்ணம்கூடக் காசுக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 9: மேலே தெளிவாக, கீழே வெள்ளையாகப் பிரிந்துவிட்டது

பழுது இல்லை. தெளிந்த மேல்பகுதியை மெதுவாக வேறு புட்டிக்கு இறுத்தால் அதுதான் சொங்ஜு. மீதியில் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் மக்கோலி.